ஆகஸ்ட் கடைசியில் வரலாமா?

1. காய வைத்த பாஸ்போர்ட்டுகள்

என் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஐந்து பாஸ்போர்ட்டுகளை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம் அது. எழுபதுகளின் நடுப்பகுதி. அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள். எல்லார் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன் வைத்தார். எங்கள் லெட்டர்ஹெட். துரையின் கையெழுத்து. கீழே மூலையில் டைப் செய்தவரின் முதலெழுத்துகள். என்னுடையவை.

"இந்தப் பருவத்தில் இங்கே வானிலை இதமாகவும் வெயிலாகவும் இருக்கும் என்று எழுதியது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு வருஷத்தில் பத்து நாள்தான் லீவு. இன்றோடு ஆறு நாளாக மழை."

நான்தான் டைப் செய்தேன். ஆனால் அது நான் எழுதியதல்ல. எனக்கு முன்னால் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தவர் விட்டுப்போன பழைய நகலைப் பார்த்து, தேதியையும் பெயரையும் மட்டும் மாற்றி அடித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. "ஸாரி சார்" என்றேன். அவர் பாஸ்போர்ட்டுகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு, மிச்ச நாட்களை பினாங்கில் கழிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மலையில் ரிங்லெட் என்ற சிற்றூருக்கு மேலே உள்ள தேயிலை எஸ்டேட் எங்களுடையது. லண்டனிலிருந்து வரும் டைரக்டர்கள் தங்குவதற்காக ஒரு காலத்தில் கட்டிய பங்களா ஒன்று இருந்தது. டைரக்டர்கள் வருவது நின்ற பிறகு அதை வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். கொழுந்துக் கணக்கு, சம்பளப் பட்டியல் இவற்றோடு பங்களாவுக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் அடிப்பதும் என் வேலை. கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: ஆகஸ்ட் கடைசியில் வரலாமா? அவர்கள் நாட்டில் அப்போதுதான் பள்ளி விடுமுறை.

2. மழை எத்தனை மணிக்கு?

எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு ரெயின் கேஜ் இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு அதிலுள்ள தண்ணீரை அளந்து புத்தகத்தில் எழுத வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதிய புத்தகங்கள் அலமாரி முழுக்க இருந்தன. பாஸ்போர்ட் குடும்பம் போன பிறகு அவற்றை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் பாதியில் மழை கூடத் தொடங்கி அக்டோபர், நவம்பரில் கொட்டுகிறது. நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக நாங்கள் எழுதி அனுப்பிய பதில் பொய் என்பதும் தெரிந்தது.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மழை எத்தனை மணிக்குப் பெய்தது? விடுமுறைக்கு வருகிறவருக்கு அதுதானே வேண்டும்?

ஃபேக்டரியில் வாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் காளிமுத்து அண்ணன். பறித்து வந்த கொழுந்தை மாடியில் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிற இடம் அது. ஈரம் கூடினால் வாட நேரமாகும். அதனால் அவருக்கு வானத்தின் மேல் எப்போதும் ஒரு கண். அவரிடம் போய்க் கேட்டேன்.

"ஆகஸ்ட் பாதி தாண்டிருச்சுன்னா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நம்பாத, தங்கச்சி. காலையில பளிச்சுனு இருக்கும், நீயே ஏமாந்துருவ. பன்னெண்டுக்கு அந்த மூலையில மேகம் உக்காரும். ரெண்டு ரெண்டரைக்குக் கொட்டும்."

"எல்லா நாளுமா அண்ணே?"

"அத எழுதி வச்சாத்தான தெரியும்? நான் என்ன கிராணியா?"

அன்று முதல் நான் எழுதி வைத்தேன். ரெயின் கேஜ் புத்தகத்தின் ஓரத்தில், பென்சிலால், மழை தொடங்கிய நேரம், நின்ற நேரம். ஒரு வருஷம் முழுக்க. அந்தப் பென்சில் எழுத்தை ஒருநாள் துரை பார்த்துவிட்டார். அவர் ஈப்போக்காரர், தமிழர். ஆனால் மேனேஜர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எங்களுக்குத் துரைதான்.

"இது என்னம்மா? இத யார் எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். தெரிஞ்சிக்கத்தான்."

"தெரிஞ்சி?"

வரிசையாக இருந்த நேரங்களை விரலால் காட்டினேன். அவர் புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

3. வர வேண்டாம் என்று எழுதிய கடிதம்

அடுத்த வருஷம் மார்ச்சில் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம். உர்சுலா என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தார். கணவன், மனைவி, பதினொரு வயது மகள், மூன்று பேர். ஆகஸ்ட் கடைசி வாரமும் செப்டம்பர் முதல் வாரமும். "அந்த நாட்களில் உங்கள் மலையில் வெயில் எந்த அளவுக்கு இருக்கும்? தயவுசெய்து உண்மையை எழுதவும்" என்று கேட்டிருந்தார்.

உண்மை என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தார். எனக்கு ஈரத் தலையோடு நின்ற மூன்று பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். பழைய நகலைத் தொடாமல் புதிதாக அடித்தேன். காலை பத்து மணிவரை வெயில் நிச்சயம், நண்பகலில் மேகம், இரண்டு மணிக்கு மேல் அநேகமாக தினமும் மழை, மாலையில் ஸ்வெட்டர் தேவைப்படும், நல்ல வெயில் வேண்டுமென்றால் அந்த மாதத்தில் இங்கே வராமல் வேறு இடம் பார்ப்பது நல்லது என்று எழுதினேன். மற்ற கடிதங்களோடு கையெழுத்துக்கு வைத்தேன். துரை போட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து நகலைப் படித்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டார்.

"பங்களா ஏற்கெனவே பாதி நாள் பூட்டிக் கெடக்கு. நீ வர்றவங்கள வராதன்னு எழுதுற. என்னா நெனச்சிக்கிட்டு இருக்க?"

"வந்துட்டுப் பாதியில போறாங்களே சார்."

"அது அவங்க பாடு. நம்ம ஏன் சொல்லணும்? இனிமே இந்த மாதிரி லெட்டர் எல்லாத்தையும் எங்கிட்டப் படிச்சிக் காட்டிட்டு அடி."

மேசைக்கு வந்து சம்பளப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நாங்கள் வருகிறோம் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார் உர்சுலா. மிச்சத்தை நான் துரைக்குப் படித்துக் காட்டினேன்.

மகள் கத்ரினுக்குப் பிறவியிலேயே வியர்ப்பதில்லை. வியர்வை சுரக்கும் சுரப்பிகள் உடம்பில் இல்லை. வெயில் ஏறினால் உடம்பின் சூடு இறங்க வழியில்லாமல் காய்ச்சல் போல ஏறும். நான்கு வயதில் கடற்கரையில் வலிப்பு வந்து, பிழைத்ததே பெரிது. அதன் பிறகு ஒவ்வொரு கோடையும் மலையடிவாரத்து ஏரிக்கரை ஒன்றில், ஜன்னல் திரையை இழுத்துவிட்ட அறையில் கழிந்தது. இந்த வருஷம் பள்ளியில் பூகோள வகுப்பில் அவள் எழுந்து கேட்டாளாம், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் குளிர்கிற ஊர் ஏதாவது உண்டா என்று. ஆசிரியர் வரைபடத்தில் இரண்டு மூன்று இடங்களைக் காட்டியிருக்கிறார். அங்கெல்லாம் இந்த அம்மாள் கடிதம் போட்டிருக்கிறார்.

"எல்லாரும் நல்ல வெயில் இருக்கும், கவலைப்படாமல் வாருங்கள் என்று எழுதினார்கள். மழை பெய்யும், வர வேண்டாம் என்று எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களிடம் வருகிறோம்."

துரை கடிதத்தை வாங்கி அவரே ஒருமுறை படித்தார். பிறகு, "நீ வெயில் வேணும்னு கேக்குறாங்கன்னு நெனச்ச. அவங்க வெயில் வேணாம்னு கேட்டிருக்காங்க" என்றார்.

"ஆமா சார்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பார்க்கத் தொடங்கினார்.

4. பஸ்ஸில் ஒரு தெர்மாமீட்டர்

சந்தோஷம் இரண்டு நாள்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது உறைத்தது. மலை குளிரும், சரி. மலைக்கு எப்படி வருவார்கள்? கோலாலம்பூரில் இறங்கி, மூன்று மணி நேரம் கீழ்நாட்டு ரோட்டில் தாப்பா வரை வந்து, அங்கிருந்து வளைந்து வளைந்து ஏற வேண்டும். தாப்பாவின் மத்தியான வெயிலில் நமக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்கு?

என் புத்தகத்தில் எங்கள் எஸ்டேட்டின் வானம் மட்டும்தான் இருந்தது. கீழே எந்த மணிக்கு எவ்வளவு சூடு என்று எனக்குத் தெரியாது. காளிமுத்து அண்ணனிடம் போய் வாட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரை ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் கேட்டேன்.

"எதுக்கு?"

"தாப்பாவுக்குக் கொண்டு போறேன் அண்ணே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒடஞ்சிச்சுன்னா துரை என்னைத்தான் வாட்டுவாரு" என்றார். ஆனால் கழற்றி, பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார்.

விடியுமுன் கிளம்பும் முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் அந்தத் தெர்மாமீட்டர்ப் பலகையை வைத்துக்கொண்டு, நின்ற இடமெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதினேன். பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"யாருக்கும்மா காய்ச்சல்?"

"யாருக்கும் இல்லம்மா. ரோட்டுக்கு."

அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை.

தாப்பா பஸ் ஸ்டாண்டில் அன்று முழுக்க உட்கார்ந்து மணிக்கு ஒருமுறை பார்த்தேன். காலை ஏழுக்கு எங்கள் மலையின் மத்தியானம் போலத்தான் இருந்தது. பத்துக்குமேல் பாதரசம் நிற்காமல் ஏறியது. நான் செய்வதை டாக்சி ஸ்டாண்டிலிருந்து கவனித்துக்கொண்டிருந்த மணியம் அண்ணன் மெதுவாக வந்து விசாரித்தார். அந்த ரோட்டில் பல வருஷம் ஓட்டியவர். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப ராத்திரி கோலாலம்பூர்ல ஏர்கோன் ரூம்புல படுக்க வச்சி, விடியக்காலம் நாலு மணிக்குக் கெளப்பணும். ஏழுக்கு தாப்பா. ஒம்போதுக்குள்ள மேல போய்ரலாம், சூசா இல்ல லா, ஒரு கஷ்டமும் இல்ல. நானே போய்க் கூட்டியாரேன்."

"வழியில துண்டு நனைச்சி நனைச்சிப் போர்த்திக்கிட்டே வரணும் அண்ணே. ஈரம் காயவே கூடாது."

"நீ சொல்லிட்டல்ல? நான் பாத்துக்குறேன்."

இதையெல்லாம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினேன். துரைக்குப் படித்துக் காட்டியபோது அவர் ஒரு வரிகூட மாற்றவில்லை.

5. மண் சரிந்த காலை

அவர்கள் வரும் நாளுக்கு முந்தின மாலை தொடங்கிய மழை விடிய விடியப் பெய்தது. மழை வருமென்று எழுதிய நான், மழை ரோட்டை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

காலை எட்டரைக்கு, கீழே போன காய்கறி லோரி ஒன்று திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றது. "ரிங்லெட்டுக்குக் கீழ மண்ணு சரிஞ்சி ரோட்ட மூடிருச்சு. எறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது" என்றார் டிரைவர். கடிகாரத்தைப் பார்த்தேன். மணியம் அண்ணன் அந்நேரம் சரிவுக்கு அந்தப் பக்கம் வந்திருப்பார்.

துரையிடம் ஓடினேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "டிரைவர கூப்புடவா சார்?" என்றேன். "ஏறு" என்றார்.

லேண்ட் ரோவரை அவரே ஓட்டினார். சரிவுக்குப் போய்ச் சேர ஒன்பதரை. சிவப்பு மண்ணும் மரமும் ரோட்டின் மேல் மலையாகக் கிடந்தன. ஒரு புல்டோசர் ஓரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. பொதுப்பணி மேஸ்திரி, நாங்கள் மண்டோர் என்போம், கையை நீட்டி எங்களைத் தடுத்தார். யாரும் நடந்துகூடப் போகக் கூடாது என்றார் மலாயில். நான் எனக்குத் தெரிந்த மலாயில், அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இருக்கிறாள், வெயில் ஏறினால் அவள் உயிருக்கு ஆபத்து என்று சொன்னேன். நம்பாத முகத்தோடு பார்த்தார். துரை அவர் பக்கத்தில் போய், மெதுவான குரலில், "இவள் சொல்வதைச் சரிபார்த்துத்தான் சொல்வாள்" என்று மலாயிலேயே சொன்னார். என்னைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மண்டோர் புல்டோசரை நிறுத்தச் சொல்லி என்னை மட்டும் விட்டார். முழங்கால்வரை சேறு. ஒரு செருப்பு அதிலேயே போய்விட்டது. அந்தப் பக்கம் ஏறிப் பார்த்தால் லோரியும் காருமாக நீண்ட வரிசை. கடைசிவரை நடந்தேன். மணியம் அண்ணனின் டாக்சி இல்லை. மேகம் விலகி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு லோரிக்காரர் எட்டிப் பார்த்தார். "வெள்ளக்காரக் குடும்பத்தயா தேடுற? அந்தப் புள்ள மூஞ்சி தக்காளி மாதிரி செவந்து போச்சு. அம்மாக்காரி அழுவுறாங்க. மணியம் வண்டியத் திருப்பிக்கிட்டுக் கீழ போயிட்டான்."

தாப்பா ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். என் கடிதத்தை நம்பித்தான் வந்தார்கள். மழை பெய்யும் என்று எழுதியவளும் நான், நேரம் குறித்துக் கொடுத்தவளும் நான். கீழே திரும்பப் போகும் ஒரு வேனில் கெஞ்சி ஏறினேன்.

ரோட்டோரத்தில் ஓர் அருவி உண்டு. லாத்தா இஸ்கந்தார். வேன் அந்த வளைவில் திரும்பியபோது மணியம் அண்ணனின் டாக்சி கதவெல்லாம் திறந்து நிற்பதைப் பார்த்தேன். "நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

அருவியின் வேகத்துக்கு ஒதுங்கிய ஓரத்தில், பாறைக்கு நடுவே, கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு சிறுமி கவுனோடு உட்கார்ந்திருந்தாள். முகம் இன்னும் சிவப்புதான். ஆனால் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா ஷூவோடு தண்ணீரில் நின்று அவள் கையைப் பிடித்திருந்தார். அம்மா பாறையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மணியம் அண்ணன் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஈரம் காயக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன? வெயில்ல துண்டு காஞ்சி காஞ்சி போவுது. எத்தன தடவதான் நனைக்கிறது? அதான் மொத்தமா நனைச்சிட்டேன்."

நானும் ஒற்றைச் செருப்போடு தண்ணீரில் இறங்கினேன். முதலில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. பிறகுதான் என் பெயரைச் சொன்னேன். உர்சுலா எழுந்து வந்து, சேறும் தண்ணீருமாக இருந்த என்னைக் கட்டிக்கொண்டார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. ஜெர்மனில் சொன்னார்.

மத்தியானம் மேகம் உட்கார்ந்து காற்று குளிர்ந்தது. சரிவுக்குத் திரும்பினோம். புல்டோசர் ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு தடம் ஒதுக்கியிருந்தது. மழைக்கு முன்னால் கடந்துவிடுங்கள் என்றார் மண்டோர். கத்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தாள். அந்தப் பக்கம் துரை அதே இடத்தில் லேண்ட் ரோவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பெட்டிகளை அவரே வாங்கி ஏற்றினார்.

6. மழையில் ஒரு பிள்ளை

அந்த இரண்டு வாரமும் சொல்லி வைத்தாற்போல் மத்தியானத்தில் மழை. கொழுந்து பறிக்கிற பெண்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, பறித்ததை நிறை போட ஓடிவருவார்கள். எதிரே கத்ரின் தலையில் ஒன்றுமில்லாமல் மலைப்பாதையில் ஏறிப் போய்க்கொண்டிருப்பாள். "இந்தப் புள்ளைக்கு வீட்டுல சொல்ல ஆளில்லயா?" என்று முதல் நாள் திட்டினார்கள். விஷயம் தெரிந்த பிறகு அவளுக்குக் கொழுந்து கிள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கணக்காகக் கிள்ளினாள். தேயிலையை வெட்டாமல் விட்டால் எவ்வளவு உயரம் வளரும், பூ பூக்குமா, மழையில் பறித்த இலைக்கும் வெயிலில் பறித்த இலைக்கும் ருசி மாறுமா என்று காளிமுத்து அண்ணனிடம் என் மூலமாகக் கேட்டுத் தீர்த்தாள். "இது உன்னவிட மோசம்" என்றார் அவர்.

ஒருநாள் ஆபீஸ் முடிந்து வரும்போது அவள் மழையில் தனியாக நிற்பதைப் பார்த்தேன். குடையை அவள் பக்கம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். தினமும் மழை சலிக்கவில்லையா என்று கேட்டேன். அவளுடைய ஆங்கிலம் கொஞ்சம்தான். யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"எங்கள் ஊரில் வெயில் வந்தால் எல்லாரும் வெளியே ஓடுவார்கள். என்னை மட்டும் அம்மா உள்ளே கூப்பிடுவாள். இங்கே மழை வருகிறது. எல்லாரும் உள்ளே ஓடுகிறீர்கள். நான் வெளியே இருக்கிறேன்."

நான் குடையை மடக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அவளோடு நின்றேன்.

ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உர்சுலா குடும்பம் போன மறுவாரமே பழைய நகலைக் கிழித்துப் போட்டேன். அதன் பிறகு எண்பதுகளின் கடைசியில் பங்களாவை மூடும்வரை, நல்ல வானிலை என்ற சொல்லை எந்தக் கடிதத்திலும் நான் அடித்ததில்லை. வரலாமா என்று கேட்டவர்களுக்கெல்லாம், எத்தனை மணிக்கு என்ன நடக்கும் என்பதை எழுதி, ரோடு எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்து, கடைசியில் ஒரு கேள்வியும் கேட்பேன்: உங்களோடு வருகிறவர்கள் யார், இங்கே வந்து என்ன செய்ய ஆசைப்படுகிறார்கள்?

"ஒரு லெட்டர்ல முடியிற வேலைக்கு ரெண்டு லெட்டரா?" என்று துரை முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

பலர் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. எழுதியவர்களில் சிலரை ஜூலையில் வரச் சொன்னேன். சிலரை பிப்ரவரியில். ஒரு புதுமணத் தம்பதியைக் கடற்கரைக்கே போகச் சொல்லிவிட்டேன். கணக்கராக முப்பது வருஷம் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர், யாரும் கூப்பிடாத ஓர் இடத்தில் நாள் முழுக்கத் தூங்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அவரை நவம்பரில் வரச் சொன்னேன். ரோடு மூடினால் இரண்டு நாள் கூடுதலாகத் தூங்கலாம் என்றும் சேர்த்து அடித்தேன். அவர் வந்தார்.